வைமேக்ஸ் சொன்னதும் 5ஜி சொல்வதும்

மலேசியாவில் 5ஜி முதன்முதலாக மக்கள் கைக்கு வந்தது 2021 டிசம்பர் 15ஆம் தேதி. அதுவும் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகிய இடங்களின் சில பகுதிகளில் மட்டும். அன்று சேவை தர முன்வந்தவை இரண்டே நிறுவனங்கள்: ஒய்டிஎல் குழுமத்தின் ‘யெஸ்’, டெலிகாம் மலேசியாவின் ‘யூனிஃபை மொபைல்’. கைப்பேசிச் சந்தையைக் கையில் வைத்திருந்த மேக்சிஸ், செல்காம், டிஜி, யூ மொபைல் நான்கும் 5ஜி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் விலகி நின்றன. முன்வந்த இரு நிறுவனங்களின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் இரண்டும் ஒரே வாசலில் கொண்டுபோய் விடும். யெஸ் 2010 நவம்பர் 19இல் வைமேக்ஸ் சேவையாகப் பிறந்தது. பேக்கெட் ஒன், சுருக்கமாக ‘பி1’, நாட்டின் முதல் பெரிய வைமேக்ஸ் நிறுவனம். அதன் பெரும்பங்கை டெலிகாம் மலேசியா 2014இல் வாங்கி, 2016இல் ‘வெபே’ என்று பெயர் மாற்றியது. அந்த வெபேயின் இன்றைய பெயர்தான் யூனிஃபை மொபைல்.

வைமேக்ஸ் இன்று எங்கும் பேசப்படுவதில்லை. ஆனால் 2008க்கும் 2011க்கும் இடையில் பினாங்கில் புது மடிக்கணினி வாங்கப் போனவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாக நினைவிருக்கும். கம்பி வேண்டாம், தொலைபேசி இணைப்பு வேண்டாம், நிறுவன ஆள் வீட்டுக்கு வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பெட்டியை மின்சாரத்தில் சொருகினால் போதும், இணையம் வந்துவிடும் என்றார்கள். இதே வாசகத்தை, ஒரு சொல்லும் மாறாமல் என்றே சொல்லலாம், இன்று 5ஜி வீட்டு இணையப் பெட்டிக்கான விளம்பரங்களில் காண்கிறோம். கேட்டவுடன் பழைய சந்தேகம் தலைதூக்குவது இயற்கை. அந்தச் சந்தேகம் சரியான இடத்தில் விழுகிறதா என்பதுதான் என் கேள்வி. வைமேக்ஸின் வாக்கு வேகத்திலும் தூரத்திலும் பொய்த்தது. 5ஜியின் வாக்கு வேகத்தில் பெருமளவு மெய்யாகியிருக்கிறது. அந்த வேகத்தால் விளையும் என்று சொன்னவற்றில்தான் தள்ளாடுகிறது. ஒன்றிடம் கேட்ட கேள்வியையே மற்றதிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் கேட்க வேண்டியது விட்டுப்போகும்.

முதலில் வைமேக்ஸ். 802.16 என்ற தொழில்நுட்பத் தரத்தின் சந்தைப் பெயர் அது. அதைப் பரப்ப 2001இல் வைமேக்ஸ் மன்றம் உருவானது. பின்னால் நின்று தள்ளிய பெரிய கை இன்டெல். பினாங்குக்கு இது வேற்று நிறுவனம் அல்ல. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் கட்டிய முதல் தொழிற்சாலை 1972இல் பாயான் லெப்பாஸில் எழுந்தது. இந்த ஊரின் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு தலைமுறையாக அங்கே வேலை பார்த்தவர்கள் உண்டு. வைஃபையை மடிக்கணினிக்குள் கொண்டுவந்து வென்ற இன்டெல், அதே வழியில் வைமேக்ஸையும் உள்ளே வைத்துவிட்டால் கைப்பேசி நிறுவனங்களைத் தாண்டிப் போய்விடலாம் என்று எண்ணியது. அமெரிக்காவின் கம்பியில்லா இணைய நிறுவனமான கிளியர்வயரில் 2006இல் பெரும் பணம் போட்டது. அதன் முதலீட்டுப் பிரிவு மலேசியாவின் பி1இலும் பணம் போட்டது.

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2007 மார்ச்சில் 2.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை நான்கு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தது. 2008 ஆகஸ்டில் பி1 சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பினாங்கு உள்ளிட்ட நகரங்களுக்கும் வந்தது. அதன் விளம்பர முழக்கம் ஒரே மலாய்ச் சொல்: ‘பொட்டோங்!’ வெட்டு என்று பொருள். வெட்டச் சொன்னது டெலிகாம் மலேசியாவின் செப்புக் கம்பியை. ஸ்ட்ரீமிக்ஸ் என்ற அந்தக் கம்பிவழி இணையத்தின் மீது நாடு முழுக்க எரிச்சல் இருந்த காலம் அது. முழக்கம் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

உலகம் முழுக்க வைமேக்ஸோடு ஒட்டிக்கொண்டு வந்த எண்கள் இரண்டு: 70 மெகாபிட் வேகம், 50 கிலோமீட்டர் தூரம். இரண்டுமே பொய் அல்ல. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமான அலைவரிசையைக் கொடுத்து, கோபுரத்துக்குப் பக்கத்திலேயே நின்றால் 70 மெகாபிட் கணக்கில் வரும். இரு முனையிலும் உயரத்தில் ஆன்டெனா நட்டு, நடுவே தடையே இல்லாமல் பார்த்துக்கொண்டால் 50 கிலோமீட்டருக்கு அலை போகும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குக் கிடைக்காது. தூரம் கூடக் கூட வேகம் விழும். இது வானொலி அலையின் இயல்பு. விளம்பரத் தாளில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும்போது நடுவில் இருந்த ‘அல்லது’ காணாமல் போனது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பது புரியும். 50 கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டால் ஏறத்தாழ 7,850 சதுர கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவின் பரப்பு சுமார் 1,32,000 சதுர கிலோமீட்டர். விளம்பர எண்ணை அப்படியே நம்பினால் ஜொகூரிலிருந்து பெர்லிஸ் வரை இருபது கோபுரங்கள் போதும். பினாங்குத் தீவுக்கு ஒன்றே மிகுதி. கடல் தாண்டி பட்டர்வொர்த், கூலிம் வரை எட்டிவிடும். நடந்தது என்ன? யெஸ் தொடங்கியபோதே ஏறத்தாழ 1,500 கோபுர நிலையங்களை வைத்திருந்தது. அவ்வளவு வைத்தும் தீபகற்ப மக்கள்தொகையில் 65 விழுக்காட்டினர் வாழும் பகுதிகளைத்தான் எட்டியதாக அறிவித்தது. அந்த நிறுவனம் ஏமாற்றவில்லை. பொறியாளர்களுக்கு 50 கிலோமீட்டர் கதை தெரிந்திருந்ததால்தான் 1,500 கட்டினார்கள். வாடிக்கையாளரிடம் மட்டும் அது கடைசிவரை வந்து சேரவில்லை.

வேகத்தின் கதையும் இப்படித்தான். நடைமுறையில் பயன்படுத்திய 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், கோபுரத்தின் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது எல்லாம் கூடிவந்தாலும் சில பத்து மெகாபிட். அது ஒருவருக்கு அல்ல, அந்தப் பக்கம் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து. 30 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். இரவு எட்டரை மணிக்கு 60 வீடுகள் ஒரே சமயத்தில் படம் பார்க்க உட்கார்ந்தால் ஆளுக்கு அரை மெகாபிட். அடுக்குமாடியின் மேல்தொட்டித் தண்ணீரை எல்லா வீட்டாரும் காலை ஏழு மணிக்குத் திறப்பது போலத்தான். அதனால்தான் 70 பற்றிப் பேசிய தொழில்நுட்பம் மலேசிய வீடுகளுக்கு ஓரிரண்டு மெகாபிட் திட்டங்களாக விற்கப்பட்டது. முதல் ஆண்டில் வாங்கியவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆள் இல்லாத கோபுரத்தில் எல்லோருக்கும் வேகம் கிடைக்கும். அவர்கள் அண்டை வீட்டாரிடம் சொன்ன நல்ல வார்த்தையே பிறகு அந்தக் கோபுரத்தை நிரப்பியது.

ஜார்ஜ் டவுனில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல். 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இந்த நகரின் பழைய பகுதி கடைவீடுகளால் ஆனது. லெபோ பாசார், லெபோ குவீன், சூலியா தெரு என்று நடந்து பார்த்தால் தெரியும்: முகப்பு ஐந்தாறு மீட்டர் அகலம்தான் இருக்கும், உள்ளே போனால் முப்பது மீட்டர் வரை நீளும். இரு பக்கமும் அண்டை வீட்டோடு பகிர்ந்துகொண்ட கனத்த செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. நடுவில் வானம் பார்த்த முற்றம். அதையும் தாண்டிப் பின்கட்டில் சமையலறை. கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் நிற்பவருக்குக் கிடைக்கும் அலை கடையின் முன்பகுதியில் பாதியாகும். முற்றத்தில் கொஞ்சம் மீளும். பின்கட்டில் இல்லாமலே போகும். 2.3 கிகாஹெர்ட்ஸ் அலை இத்தகைய சுவர்களைச் சிரமப்பட்டே கடக்கும். வைமேக்ஸ் பெட்டியின் முகத்தில் அலையின் பலத்தைக் காட்ட வரிசையாகச் சிறு விளக்குகள் உண்டு. எத்தனை விளக்கு எரிகிறது என்று பார்த்துப் பார்த்துப் பெட்டியை ஜன்னல் ஜன்னலாக நகர்த்தி, கடைசியில் தெருப்பக்க ஜன்னல் கட்டையில் குடியேற்றிய வீடுகள் பல. கம்பியில்லா இணையம் என்று வாங்கியதற்கு, ஜன்னலிலிருந்து மேசைவரை ஒரு நீளமான கம்பியை இழுத்து ஆணியடித்துக் கொண்டார்கள்.

அதே காலத்தில் பினாங்கில் கம்பியில்லா இணையத்தைப் பற்றிய பொதுவிவாதம் வேறொரு திசையில் போய்க்கொண்டிருந்தது. மாநில அரசு ஊர் முழுக்க இலவச வைஃபை கொண்டுவர முனைந்தபோது, எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உடல்நலக் காரணம் காட்டி எதிர்த்தது. தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வளர்ந்து, அரை நூற்றாண்டு அந்தச் சங்கத்தை நடத்தி 2019இல் மறைந்த இத்ரிஸின் மீது எனக்கு மதிப்பு உண்டு. கலப்படம், சீனி, பூச்சிமருந்து என்று அவர் கேட்ட கேள்விகள் இந்த நாட்டுக்கு நல்லது செய்தன. ஆனாலும் இந்த ஒன்றில் சங்கம் விரல் வைத்த இடம் தவறு என்றே எண்ணுகிறேன். வைஃபை, வைமேக்ஸ், 5ஜி எல்லாமே வேதிப் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் இல்லாத அலைகள். கோபுரங்களின் உமிழ்வுக்கு உலக அளவில் வரம்பும் உண்டு. 2011இல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு இந்த அலைகளை ‘ஒருவேளை காரணமாகலாம்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று மட்டாக இருந்ததால் வைத்த பிரிவு அது. பயனீட்டாளர் கேட்க வேண்டியிருந்த கேள்வி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது: மாலை நேரத்தில் எவ்வளவு வேகம் தருவாய், தராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவாயா? அதைக் கேட்க அன்று போதுமான குரல் எழவில்லை.

வைமேக்ஸ் செத்தது இந்தக் குறைகளால் என்று சொன்னால் அது பாதி உண்மை. 3ஜியும் தொடக்கத்தில் இதைவிட மோசமாக இருந்தது, பிழைத்துக்கொண்டது. வைமேக்ஸைக் கொன்றது தனிமை. கைப்பேசி உலகம் தனக்கென்று எல்டிஇயை, இன்று நாம் 4ஜி என்று அழைப்பதை, உருவாக்கிக்கொண்டிருந்தது. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் முதல் எல்டிஇ சேவை தொடங்கியது. அதே ஆண்டு நோக்கியா தன் ஒரே வைமேக்ஸ் கருவியின் தயாரிப்பை நிறுத்தியது. 2010இல் இன்டெல்லே தன் வைமேக்ஸ் அலுவலகத்தைக் கலைத்தது. ஆப்பிள் ஒருபோதும் அந்தப் பக்கம் வரவில்லை. கருவி இல்லாத வலையமைப்புக்கு ஆள் வரமாட்டார். ஆள் வராத வலையமைப்புக்குக் கருவி செய்ய யாரும் முன்வரமாட்டார். அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் நிறுவனம் 2016க்குள் வைமேக்ஸை மூடியது. ரஷ்யாவில் யோட்டா 2012இலேயே எல்டிஇக்கு மாறியது. மலேசியாவில் யெஸ் 2016இல் எல்டிஇ தொடங்கியது. வீட்டில் இருந்த வைமேக்ஸ் பெட்டியை வேறு எந்த நிறுவனத்தின் சேவையோடும் பொருத்த முடியாது என்பதால், வலையமைப்பு மூடிய நாளில் அது வெறும் பிளாஸ்டிக் ஆனது.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். இந்தியாவில் 2010 ஜூனில் முடிந்த ஏலம் இதே 2.3 கிகாஹெர்ட்ஸுக்குத்தான், 38,543 கோடி ரூபாய் திரண்டது. பலரும் அதை வைமேக்ஸ் ஏலம் என்றே பேசினார்கள். தமிழ்நாட்டுச் சேவை வட்டத்தில் ஏர்செல்லுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. நான்கு வட்டங்களை வாங்கிய குவால்காம், இந்த அலைக்கற்றையில் எல்டிஇதான் ஓடும் என்று சந்தையைத் திருப்பியது. 22 வட்டங்களையும் வென்ற இன்ஃபோடெல்லை ரிலையன்ஸ் வாங்கி, ஆறு ஆண்டு கழித்து ஜியோவாகத் திறந்தது. இலங்கையில் டயலாக், வைமேக்ஸுக்கு வைத்திருந்த அலைக்கற்றையை எல்டிஇக்குத் திருப்பிவிட்டது. அலைக்கற்றை மண்போல, மேலே கட்டியது இடிந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. நட்டம் முழுவதும் கருவி வாங்கியவர் தலையில் விழுந்தது.

இனி 5ஜி. தனிமைச் சிக்கல் இதற்கு இல்லை. உலகின் எல்லாக் கைப்பேசி நிறுவனங்களும் எல்லாக் கருவி நிறுவனங்களும் ஒரே தரத்தில் நிற்கின்றன. இன்று வாங்கும் 5ஜி கைப்பேசி ஐந்து ஆண்டில் அனாதையாகிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அடிப்படைப் பொறியியலும் வலுவானது: வைமேக்ஸ் 10 மெகாஹெர்ட்ஸில் திணறியது, 5ஜி 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 100 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமான ஒரே அலைவரிசையில் ஓடலாம். கோபுரத்தில் 64 சிறு ஆன்டெனாக்கள் சேர்ந்து ஒவ்வொரு கைப்பேசியையும் நோக்கித் தனித்தனியாக அலையைக் குவிக்கின்றன. இதன் பலன் அளந்து பார்த்தபோதும் தெரிந்தது: ஊக்லா நிறுவனத்தின் அளவீடுகளில் மலேசிய 5ஜியின் நடுநிலை வேகம் 2023இல் 400 மெகாபிட்டைத் தாண்டியது. வைமேக்ஸ் வாசலில் நின்றவர்களுக்கு இது வேறு உலகம். அந்த 400இலும் ஒரு பகுதி காலியான கோபுரத்தின் கொடை என்பதை மறந்துவிடக் கூடாது. பெரிய நிறுவனங்கள் 2022 இறுதியிலும் 2023இலும்தான் வந்து சேர்ந்தன. கூட்டம் அதற்குப் பிறகே நிறையத் தொடங்கியது.

எண்களை அறுத்துப் பார்க்கும் வேலை இங்கேயும் உண்டு, ஆனால் வேறு விதமாக. 5ஜிக்கான தேவைகளைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017இல் வகுத்தது. அதில் உச்ச வேகம் 20 கிகாபிட். அதே ஆவணத்தில் சில வரிகள் தள்ளி, நெரிசலான நகரத்தில் ஒரு பயனருக்குக் கிடைக்க வேண்டிய வேகம் 100 மெகாபிட் என்றும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 200 மடங்கு. மேடையில் பேசப்பட்டது முதல் எண். மக்களுக்காக எழுதப்பட்டது இரண்டாவது. தாமதமும் அப்படியே. 1 மில்லிவினாடி என்பது தொழிற்சாலை இயந்திரங்கள் போன்ற தனிவகைப் பயன்பாட்டுக்கு, கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட காற்றுவெளிக்கு மட்டும். சாதாரண இணையப் பயன்பாட்டுக்கு அந்த ஆவணமே 4 மில்லிவினாடி என்கிறது. இதைச் சரிபார்க்க ஆய்வகம் வேண்டாம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். ஜார்ஜ் டவுனிலிருந்து கோலாலம்பூர் சாலை வழியே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். போய்வர 700 கிலோமீட்டர்; ஒளிக்கே மூன்றரை மில்லிவினாடி ஆகிவிடும். கோலாலம்பூரில் இருக்கும் கணினியோடு பினாங்கிலிருந்து 1 மில்லிவினாடியில் பேச எந்த ‘ஜி’யாலும் ஆகாது. தூரத்திலிருந்து அறுவை சிகிச்சை, தானே ஓடும் கார் என்று இந்த ஒரு மில்லிவினாடியின் மேல் கட்டிய கதைகள் அனைத்தும் இந்தக் கணக்கில் சரிகின்றன.

இன்னும் கனமான வாக்குகள் பணத்தையும் வேலையையும் பற்றியவை. 2021 பிப்ரவரி 19இல் அன்றைய பிரதமர் முகைதீன் யாசின் ‘மைடிஜிட்டல்’ திட்டத்தை வெளியிட்டபோது, 5ஜிக்காகப் பத்து ஆண்டில் 1,500 கோடி ரிங்கிட் முதலீடு வரும், 1,05,000 வேலைகள் உருவாகும் என்றார். நாடு முழுக்க ஒரே 5ஜி வலையமைப்பு. அதை நிதியமைச்சின் கீழ் உருவான டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட், டிஎன்பி, கட்டும். நிறுவனங்கள் அதனிடம் மொத்த விலைக்கு வாங்கி விற்கும் என்பது ஏற்பாடு. 2021 ஜூலை 1இல் எரிக்சனுக்கு 1,100 கோடி ரிங்கிட் ஒப்பந்தம் கிடைத்தது. ஒரு கிகாபைட் 20 சென்னுக்கும் குறைவாகக் கிடைக்கும் என்று டிஎன்பி சொன்னது. கையெழுத்திடாமல் நின்ற நான்கு நிறுவனங்களின் தயக்கம் அலையைப் பற்றியது அல்ல. ஒரே கையில் விலை இருப்பதையும், வாங்க வேண்டிய அளவையும் பற்றியது. வைமேக்ஸ் காலத்தில் சந்தேகப்பட்டவர் வாடிக்கையாளர். 5ஜியில் முதலில் சந்தேகப்பட்டவை கைப்பேசி நிறுவனங்களே. இந்த மாற்றத்தை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

டிஎன்பி கட்டும் வேலையைச் செய்து காட்டியது. 2023 இறுதியில் மக்கள் வாழும் பகுதிகளில் 80.2 விழுக்காட்டை 5ஜி எட்டியது. வேகமான சாதனை, பாராட்டத் தக்கது. பினாங்குத் தீவில் இன்று கிழக்குக் கரை நெடுகிலும் கைப்பேசியில் 5ஜி அடையாளம் தெரிகிறது. ஆனால் ‘மக்கள் வாழும் பகுதி’ என்பது தெருவில் அலை எட்டுவதைக் குறிக்கும் அளவு. கடைவீட்டின் பின்கட்டைக் குறிப்பது அல்ல. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடப்பதில் 2.3ஐ விடச் சற்றுப் பலவீனமானதே. ஆன்டெனாக் குவிப்பு அதில் கொஞ்சத்தை ஈடுகட்டுகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை இன்னும் ஆழமாக உள்ளே போகும், ஆனால் அதன் அகலம் குறைவு, வேகமும் குறைவு. 20 கிகாபிட்டைத் தரவல்ல 28 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கோ ஒரு செங்கல் சுவரே போதும், நின்றுவிடும். தூரத்துக்கும் வேகத்துக்கும் நடந்த அதே இழுபறி இங்கே மூன்று அலைக்கற்றைகளாகப் பிரிந்து நிற்கிறது. 2009இல் விழுந்த ‘அல்லது’ இப்போதும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

வேலைகளும் வருமானமும் பற்றிய வாக்கை அளப்பது கடினம், அதுவே அதன் பலம். பாயான் லெப்பாஸில் வேலை பெருகினால் அது 5ஜியால் வந்ததா, சீனாவை விட்டு வெளியேறும் மின்னணு முதலீட்டால் வந்ததா என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. 70 மெகாபிட் என்ற வாக்கைச் சோதிக்க ஒரு கணினியும் ஐந்து நிமிடமும் போதுமாக இருந்தது. 1,05,000 வேலை என்ற வாக்கைச் சோதிக்கக் கருவியே இல்லை. வைமேக்ஸ் விற்பனையாளர் தோற்றுப்போகக்கூடிய வாக்கைக் கொடுத்துத் தோற்றார். அதில் ஒரு நேர்மை இருந்தது என்று இன்று தோன்றுகிறது. 5ஜியின் பெரிய வாக்குகள் தோற்கவே முடியாதபடி அமைந்தவை.

ஒரே வலையமைப்பு என்ற ஏற்பாடும் நிலைக்கவில்லை. 2023 மே மாதத்தில் அன்வார் இப்ராகிம் அரசு இரண்டாவது வலையமைப்புக்கு வழிவிடும் முடிவை அறிவித்தது. 2024 நவம்பர் 1இல் அதைக் கட்டும் பொறுப்பு யூ மொபைலுக்குத் தரப்பட்டது. போட்டி விலையைக் குறைக்கும் என்பது ஒரு தரப்பின் வாதம். ஒரே தெருவுக்கு இரண்டு முறை செலவு என்பது மறுதரப்பு. என் சாய்வு முதல் தரப்பின் பக்கம். செப்புக் கம்பி ஒரே கையில் இருந்தபோது பட்ட பாட்டிலிருந்துதானே ‘பொட்டோங்’ முழக்கமே பிறந்தது.

அந்தக் கம்பிக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். வெட்டச் சொன்ன அதே ஆண்டுகளில் டெலிகாம் மலேசியா சத்தமில்லாமல் செம்பை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழையைப் பதிக்கத் தொடங்கியது. 2008 செப்டம்பரில் அரசோடு 1,130 கோடி ரிங்கிட் ஒப்பந்தம். 2010 மார்ச்சில் யூனிஃபை. முதல் வேகங்கள் 5, 10, 20 மெகாபிட். அன்று அவை பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் 20 என்று விற்றது 20 ஆகவே வந்தது, மாலையிலும் வந்தது. 2018இல் நிறுவனங்களுக்கிடையே இணைய இணைப்பை விற்கும் மொத்த விலைக்கு வரம்பு வந்ததும் கட்டணம் சரிந்து வேகம் பெருகியது. 5ஜி கோபுரத்தின் பின்னாலும் இதே இழைதான் ஓடுகிறது. இழை எட்டாத இடத்தில் கோபுரத்தின் வேகமும் எட்டாது.

இதே போல அடக்கமாக வந்த இன்னொன்று, 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ‘ஜெண்டேலா’ திட்டம். மைடிஜிட்டல் மேடையோடு ஒப்பிட்டால் அதில் பளபளப்பே இல்லை. கைப்பேசி இணையத்தின் சராசரி வேகத்தை 25 மெகாபிட்டிலிருந்து 35க்கு உயர்த்துவது. 4ஜி எல்லையை 91.8இலிருந்து 96.9 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவது; 2021 இறுதிக்குள் 3ஜியை மூடி அந்த அலைக்கற்றையை 4ஜிக்குத் தருவது. ஒவ்வொன்றும் சராசரியைப் பற்றியது, ஒவ்வொன்றையும் அளக்கலாம். 3ஜி சொன்ன காலத்தில் மூடப்பட்டது. பாலிக் புலாவ் தோட்டங்களில் வேலை செய்பவரின் கைப்பேசிக்கு இந்த அடக்கமான திட்டம் தந்தது, 20 கிகாபிட் மேடைப் பேச்சு தந்ததைவிட அதிகம்.

இப்போது அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. 5ஜி அட்வான்ஸ்டு என்ற பெயரில் 10 கிகாபிட் என்கிறார்கள். வீட்டுக்குப் பெட்டி, கம்பி வேண்டாம், சொருகினால் போதும். வாங்கும் எண்ணம் உள்ளவர் 10 கிகாபிட்டைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை. மாதம் எத்தனை கிகாபைட்டுக்குப் பிறகு வேகம் குறைக்கப்படும், குறைத்த பின் எவ்வளவு, ஒப்பந்தம் 24 மாதமா, இடையில் விலகினால் என்ன அபராதம், பெட்டியை வேறு நிறுவனத்தோடு பயன்படுத்தலாமா, வாங்குமுன் ஒரு வாரம் வீட்டின் பின்கட்டில் இரவு ஒன்பது மணிக்கு வைத்துப் பார்க்கத் தருவார்களா என்று கேட்கலாம். கண்ணாடி இழை வாசல்வரை வந்துவிட்ட வீட்டுக்குப் பெட்டி தேவையே இல்லை. வாடகை வீட்டில் ஆறு மாதம் தங்கும் மாணவருக்கும், இரவுச் சந்தையில் அட்டைக் கட்டணம் வாங்கும் கடைக்காரருக்கும், மரபுரிமைச் சுவரைத் துளைக்க உரிமையாளர் அனுமதி தராத கடைவீட்டுக்கும் அது நல்ல பொருள். வைமேக்ஸ் பெட்டி ஒருபோதும் எட்டாத அளவுக்கு நல்ல பொருள், ஜன்னலோரம் வைத்தால்.